பாட்டுக்காரி பதில்கள்: சில்லறை வாசமும் சாய்ந்த பலாவும்

என் வாழ்க்கையில் நடந்ததை வைத்துக் கட்டிய பாட்டுகள் தொகுப்பாக வெளிவந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் பாட்டுக் கேட்பார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கேட்பார்கள். இப்போது திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வருகிறது: "நான் பட்டதையும் பாட்டாக்க முடியுமா?" இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

அன்புச் சகோதரிக்கு, அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன வயதிலிருந்தே பாட்டு எழுதுகிறேன். நோட்டு நோட்டாகச் சேர்ந்து கிடக்கிறது. பிறந்த ஊர், பெற்றவர்கள், வேலை, கல்யாணம், மகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர ஆசை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்றுதான் புரியவில்லை. சில பாட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

அண்ணே, அனுப்பிய பாட்டுகள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். முதல் பாட்டு வாழ்க்கையைப் பயணம் என்கிறது. இரண்டாவது பாட்டு தாயைத் தெய்வம் என்கிறது. மூன்றாவது, சொந்தபந்தமெல்லாம் கானல்நீர் என்கிறது. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இதைப் பாடுகிறவர் நடத்துனரா, நெசவாளியா, தபால்காரரா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே வேலை பார்த்த மனிதரின் பாட்டில் ஒரு பஸ்கூட வரவில்லை, அண்ணே!

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, இடம் மிச்சம் இருக்கிறதே என்று எழுதியது மாதிரி ரெண்டு வரி இருக்கிறது. "ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா சில்லறை வாசம் கையை விட்டுப் போகாது. எம் மக நான் ஊட்டுனா சாப்பிட மாட்டா." அதைப் படித்துவிட்டு நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் நோட்டு நோட்டாகத் தேடியது அந்த ரெண்டு வரியில் இருக்கிறது. நாள் முழுக்க ஊராரின் காசை எண்ணிய கை. அந்தக் கையாலேயே சம்பாதித்து வாங்கிய சோறு. அந்தக் கையை வேண்டாம் என்று தள்ளுகிற பிள்ளை. வறுமை, பாசம், உழைப்பு என்று எந்தப் பெரிய வார்த்தையும் இதற்குத் தேவைப்படவில்லை.

எப்படித் தொடங்கலாம் என்று காட்டுவதற்காக மட்டும் நாலு வரி கட்டிப் பார்த்தேன். தெம்மாங்கு மெட்டில் பாடிப் பாருங்கள்:

சோப்புப் போட்டுத் தேச்சு வந்தேன் — அந்தச்
சில்லறை வாசம் போகலையே
கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்ட வந்தேன் — எங்
கொழுந்து வாயத் தொறக்கலையே

இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வாயில் வருகிற சொல் வேறாக இருக்கும், அதுதான் சரி. எழுதி முடித்ததும் முதலில் மகளுக்குப் பாடிக் காட்டுங்கள். "அப்பா, அது சில்லறை வாசம் இல்ல, உங்க தோல் பை வாசம்" என்று அவர் சொன்னாலும் சொல்லுவார். சொன்னால் வரியை மாற்றிவிடுங்கள். ஊட்டினவருக்கு ஒரு நினைவு, சாப்பிட மாட்டேன் என்றவருக்கு ஒரு நினைவு. ரெண்டும் சேர்ந்தால் பாட்டுக்கு இன்னும் ரெண்டு சரணம் கிடைக்கும்.

இனி அந்த நோட்டுகளை எடுங்கள். பென்சிலை வைத்துக்கொண்டு, கையால் தொடக்கூடியது, மூக்கால் மோரக்கூடியது, காதால் கேட்கக்கூடியது எங்கெங்கே வருகிறதோ அங்கே மட்டும் கோடு போடுங்கள். கோடு விழாத பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், ஓரமாக வையுங்கள். உங்களிடம் இருக்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டுக் கட்டு. பின்னால் மெஷின் வந்தபோது அந்த விரல் என்ன செய்தது? ஒரு விசிலுக்கு நிற்கும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பும் வண்டி. நைட் ஹால்ட் போட்ட கடைசி ஊர். அந்த ஊரில் உங்களுக்கும் டிரைவருக்கும் குளிக்கத் தண்ணீர் கொடுத்தது யார்? பஸ் சீட்டில் படுத்திருந்தபோது வெளியே என்ன சத்தம் கேட்டது? அந்த ராத்திரிகளில் மகள் வீட்டில் யார் கையால் சாப்பிட்டாள்? பாருங்கள், நைட் ஹால்ட் பாட்டும் சில்லறைப் பாட்டும் தானாகவே ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்துவிட்டன.

பிறப்பிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மகள் பாட்டில் தொடங்கலாம். அப்பா உங்களுக்கு ஊட்டியதற்கு நாலாவது பாட்டில் போகலாம். ஒப்பாரிச் சாயல் உள்ள ரெண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள், கேட்கிறவருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். பத்துப் பாட்டுப் போதும். பேரப்பிள்ளைகள் பாட்டு இந்தத் தொகுப்பில் வேண்டாம் என்பது என் கருத்து. அது நேற்று நடந்தது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்.

*

அம்மா, நீங்கள் அறிவொளி இயக்கத்துக்கு எழுதிய பாட்டுகளை எங்கள் பேராசிரியர் பாடிக் கேட்டிருக்கிறேன். புதிய தொகுப்பில் வரும் சைக்கிள் பாட்டும் அதே காலத்தைப் பற்றியதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. ஏன்?
— கல்லூரி மாணவி, திருச்சி

ஏனென்றால், கண்ணு, அப்போது நான் கூப்பிட எழுதினேன். இப்போது நடந்ததைச் சொல்ல எழுதினேன்.

1991ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு சைக்கிளும் கற்றுக் கொடுப்பது என்று முடிவானபோது, குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பூ எடுக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளைப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டு ஊர்ச் சாவடியில் நின்று பத்து ஊருக்கும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். "வாங்கடி, ஏறுங்கடி" என்று இழுக்க வேண்டும். அதில் என் முழங்கால் காயத்துக்கு வேலை இல்லை. பாடி முடித்ததும் ரெண்டு பேர் எழுந்து வந்து ஹேண்டில்பாரைத் தொட்டால் அந்தப் பாட்டு ஜெயித்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டுகளை நான் ஒரு படி கீழே வைக்க மாட்டேன்.

தொகுப்பில் இருக்கும் பாட்டு, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு அத்தாச்சியைப் பற்றியது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது அப்போது. எல்லாம் நடுவில் பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். புடவையை எப்படிச் செருகினால் பாரில் மாட்டாது என்று அவர்தான் காட்டினார். ஊரில் பேசினார்கள், கெட்ட வார்த்தையிலேயே பேசினார்கள். பிறகு ஒருநாள் அத்தாச்சி தன் கடைசிப் பிள்ளையை அந்த பாரில் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போய்ச் சேர்த்தார். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது.

பாருல புள்ளைய வச்சுக்கிட்டு — அவ
பாலத்து மேட்டுல ஏறயில
ஊருல பேசுன வாயெல்லாம் — அங்க
ஓரமா ஒதுங்கி நின்னுச்சடி

இயக்கப் பாட்டில் "பெண்கள்" என்று எழுதியிருப்பேன். இதில் அத்தாச்சி ஒருத்திதான். அந்த மேட்டில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடியது நான். ஆனால் இந்தப் பாட்டை மேடையில் பாடும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கிற அறுபது வயதுப் பெண்கள் ஒவ்வொருவரும் தன் அத்தாச்சியைச் சொல்கிறார்கள்.

*

தங்கள் தொகுப்பில் உள்ள பலா மரத்துப் பாட்டைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். நாங்களும் கஜாவில் தோப்பை இழந்தவர்கள். ஆனால் பாட்டில் புயல் என்ற சொல்லே வரவில்லை. வேண்டுமென்றே விட்டீர்களா?
— ஒரு விவசாயக் குடும்பம், பட்டுக்கோட்டை

ஆமாம், வேண்டுமென்றேதான் விட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, விடியும் முன்பே எங்கள் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்துக்குள் புகுந்துவிட்டது. அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடமே கஜாவைப் பற்றி ஏராளமான பாட்டுகள் வந்தன. "வந்ததே புயல் வந்ததே" என்று நானும் ஒரு மேடைக்கு எழுதிக் கொடுத்தேன். நிவாரணம் கேட்கிற கூட்டத்துக்கு அது வேண்டியிருந்தது.

தொகுப்புக்கு என்று உட்கார்ந்தபோது, காற்றின் வேகம் எனக்கு நினைவில் இல்லை. அப்பா நின்ற நிலைதான் நினைவில் இருந்தது. எங்கள் வாசலுக்குக் கிழக்கே நின்ற பலா அவர் வைத்தது. எங்களுக்கு மூத்தது. அதில்தான் எங்கள் எல்லோருக்கும் தூளி கட்டினார்கள். பம்ப்செட்டுக்குப் போகிற ஒயரை அதில்தான் கட்டியிருந்தது. விடிந்து பார்த்தபோது செம்மண்ணை அள்ளிக்கொண்டு வேரோடு சாய்ந்து கிடந்தது. ஐப்பசிக் கடைசி, காய்ப்பு இல்லை, மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத காலம். வேர்க்குழியில் தண்ணீர் நின்றது. அப்பா கிழக்கு வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புற வழியாகவே போய்வர ஆரம்பித்தார்.

மரம் வாங்குகிறவர்கள் வந்தார்கள். மெஷின் வைத்து அறுத்தபோது உள்ளே வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, மஞ்சளாக இருந்தது. பலா வைரத்தில் வீணை கடைகிறார்கள், மிருதங்கம் கடைகிறார்கள், தவில் கடைகிறார்கள். ஆனால் வட்டாரம் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது வைரத்துக்கு யார் விலை கொடுப்பார்? விறகு விலைக்குத்தான் போனது. விலை பேசும்போது அப்பா திரும்பி நின்றுகொண்டார்.

அந்த முதுகைத்தான் நான் பாட வேண்டியிருந்தது. அதற்கு ஒப்பாரி மெட்டுத்தான் சரி என்று உடனே தெரிந்தது. எங்கள் அப்பாயி அந்தப் பக்கத்தில் பேர் போன ஒப்பாரிக்காரி. மூத்த பிள்ளை செத்தால் எப்படி விளித்து அழுவாரோ, அப்படியே மரத்தை விளித்தேன்:

மூத்தவனே எம் பலாவே — நீ
முகங்குப்புறச் சாஞ்சதென்ன
பாத்திருந்து வளத்த அப்பன் — ஒன்னப்
பாக்க வரக் கூசுதென்ன

இதற்குள் புயல் என்று போட்டால் அது செய்தியாகிவிடும். இன்னும் ஒன்று. பாட்டில் காற்றின் பெயர் இல்லாததால், 2004 சுனாமியில் வீட்டை இழந்த நாகப்பட்டினத்துப் பெண் ஒருவர் அதைத் தன் வீட்டு வாசலில் நின்ற வேம்புக்கு மாற்றிப் பாடிக் கொடுத்தார். பலா இருந்த இடத்தில் வேம்பு. எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் கிடைத்ததில்லை.

*

என் அம்மாச்சி பாடிய நடவுப் பாட்டு மெட்டில் என் கதையை எழுதியிருக்கிறேன். மெட்டு என்னுடையது இல்லையே, இது திருட்டு ஆகாதா அக்கா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ஆகாது, தம்பி. நாட்டுப்புற மெட்டு யார் கட்டியது என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வருவது. அதில் புதுப் பேச்சை ஏற்றினால்தான் அது உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் வுடி கத்ரி என்று ஒரு பாட்டுக்காரர். 1912ல் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒக்கீமா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1930களில் மழை பொய்த்து, உழுது போட்ட மேல்மண் எல்லாம் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி பகலை இருட்டாக்கிக்கொண்டு கறுப்புச் சுவர் ஒன்று எழுந்து வந்தபோது அவர் டெக்சாஸில் பாம்பா என்ற ஊரில் இருந்தார். உலகம் முடிந்தது என்று நினைத்து ஜனங்கள் ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நிலத்தை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன கூட்டத்தோடு அவரும் போனார். கண்டதையும் பட்டதையும் 1940ல் விக்டர் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். ஆறு இசைத்தட்டுகளாக, இரண்டு தொகுப்பாக வெளிவந்தது.

அதில் பல பாட்டுக்கு மெட்டுப் பழையது. 'ஜான் ஹார்டி' என்ற கொலைகாரன் பாட்டின் மெட்டை எடுத்துத்தான், நிலத்தை இழந்த ஒரு குடும்பத்தின் நீண்ட கதையைப் பாடினார். கேட்கிறவர் காதுக்கு மெட்டு ஏற்கெனவே பழக்கம், அதனால் சொல் நேராக உள்ளே போனது. நம் அம்மாச்சிமாரும் இதைத்தான் செய்தார்கள். ஒரே தாலாட்டு மெட்டில் ஒருத்தி மாமன் சீரைப் பாடுவாள், இன்னொருத்தி மாமன் வராததைப் பாடுவாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தொகுப்பு வெளியிடும்போது, "மெட்டு: எங்கள் அம்மாச்சி பாடிய நடவுப் பாட்டு" என்று ஊர்ப் பெயரோடு போடு. 'மெட்டு: பாரம்பரியம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே. நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு சேற்றில் நின்று அதைப் பாடியவர் ஒரு ஆள்.

*

எங்கள் அப்பா போன பிறகு பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று என் அண்ணன் ஏமாற்றிவிட்டார். அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். அண்ணன் இன்னும் இருக்கிறார். வெளியிடலாமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

முதலில் வக்கீலைப் பாருங்கள், தாயி. 1989லேயே தமிழ்நாட்டிலும், 2005ல் நாடு முழுக்கவும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டம் வந்திருக்கிறது. உங்கள் கல்யாணத் தேதி, பாகம் பிரித்த தேதி எல்லாம் பார்த்துத்தான் வழி சொல்வார்கள். பாட்டு பங்கு வாங்கித் தராது.

இனிப் பாட்டு. பாடலாம். ஒப்பாரி என்பதை அழுகை என்று மட்டும் நினைக்கிறார்கள். சாவு வீட்டில் மாரடித்துக்கொண்டே பெண்கள் எத்தனை வழக்கைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அண்ணன் செய்யாத சீர், நாத்தனார் பேசின பேச்சு, அடைத்த கதவு எல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கும். குற்றம் சாட்டப்பட்டவரும் அங்கேயே இருப்பார். ஆனால் பெயர் வராது. 'கூடப் பொறந்த பொறப்பு' என்றுதான் வரும். அந்த மரபைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், சர்வே நம்பர், அவர் தொழில் எதுவும் வேண்டாம். அவர் என்ன நினைத்தார், ஏன் செய்தார் என்றும் பாடாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு நடந்ததைப் பாடுங்கள்: எந்தத் திண்ணையில் உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்களா, கையெழுத்து வாங்கிய பேப்பரை எந்தத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

உங்கள் பாட்டின் மூன்றாவது சரணத்தில், சின்ன வயதில் அண்ணன் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டியது வருகிறது. அதை அடித்துவிட்டிருக்கிறீர்கள். அடித்த கோட்டை அழித்துவிட்டு, அதை முதல் சரணமாக வையுங்கள்.

*

ஸ்டுடியோவில், தாளம் தவறாமல் இருக்கக் காதில் போடுகிற கிளிக் சத்தத்துக்கு ஏற்பப் பாடச் சொல்கிறார்கள். பாடினால் பாட்டே செத்துப்போகிறது. கீபோர்டு கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?
— ஒரு தெம்மாங்குப் பாடகர், கரூர்

கும்மி, கோலாட்டம் மாதிரிக் காலடியோடு போகிற பாட்டுக்குக் கிளிக் போடலாம், கெடுதல் இல்லை. தெம்மாங்கில் இழுக்கிற இடத்தில் இழுத்துத்தான் ஆக வேண்டும். ஒப்பாரிக்குத் தாளமே கிடையாது, மூச்சுத்தான் தாளம். அவற்றைக் கிளிக்கில் கட்டாதீர்கள். நீங்களும் உறுமிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பாடி ஒலிப்பதிவு செய்யுங்கள். மற்ற வாத்தியத்தைப் பிறகு அதன் மேல் ஏற்றிக்கொள்ளலாம். கீபோர்டு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணம் கொடுப்பது நீங்கள்தானே?

பறை இருந்தால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். ஏசி அறையில் கொஞ்ச நேரத்தில் தோல் இறங்கிவிடும், சத்தம் மொத்தையாகும். எங்கள் ஒலிப்பதிவின்போது ஸ்டுடியோ வாசலில் வைக்கோலும் பழைய பேப்பரும் போட்டு எரித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கலைஞர்கள் வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், கணீரென்று வந்ததும் ஓடி வருவார்கள். அடிகுச்சி விழும்போது தோல் சூடு ஆறியிருக்கக் கூடாது. ஸ்டுடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி இடம் கேட்டு வையுங்கள், புகை என்று பிறகு சண்டை வரும்.

கட்டையையும், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதையும், முதலிலேயே முடிவு செய்யுங்கள். இளவயதில் பாடிய கட்டையிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் வேண்டாம். குரல் இறங்கினால் அரைக் கட்டை, ஒரு கட்டை குறையுங்கள். நினைவைப் பாடும் குரலுக்கு வயது தெரியலாம், தெரிய வேண்டும்.

*

ஒரு ஆடியோ கம்பெனி ஒரே தொகையாகத் தருகிறேன், எல்லா உரிமையும் எழுதிக் கொடு என்கிறது. கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய வரிகள் உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் பாதுகாப்பில் இருக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை, எழுதிய அன்றே உங்களுடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அது செல்லாது. உரிமையை வாங்கினவரோடு சரிபாதியாகப் பங்கு உண்டு. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று போடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' என்று அவர்களே அச்சடித்துக் கொண்டுவருவார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். படிக்காமல் விட்டால், உங்கள் அம்மாவைப் பற்றிய பாட்டை உங்கள் பிள்ளை ஒரு வீடியோவில் போடுவதற்குக்கூட அவர்களைக் கேட்க வேண்டி வரும்.

*

என் பாட்டிக்கு நிறையப் பாட்டுத் தெரியும். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எனக்குப் பாட வராது. அவர் பாட்டுகளை நான் எப்படிச் சேர்த்து வைப்பது?
— பத்தாம் வகுப்பு மாணவன், மணப்பாறை

தம்பி, இந்த மாதக் கடிதங்களில் உன்னுடையதற்குத்தான் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உன் போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டி வாய்க்கு ஒரு முழ தூரத்தில் போனை வை. பாடச் சொன்னால் பாட மாட்டார், "எனக்கென்ன தெரியும்" என்பார். கடலை உரிக்கும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்கார். "நாத்து நடும்போது என்ன பாட்டுப் பாடுவீங்க?" என்று வேலையைக் கேள், பாட்டு தானாக வரும்.

பாதியில் நிறுத்திவிட்டு, "இந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடுத்தவ..." என்று கதையை ஆரம்பிப்பார். அப்போது ரெக்கார்டிங்கை நிறுத்தாதே. மேலே சொன்ன வுடி கத்ரியை 1940ல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் வாஷிங்டனில் உட்கார வைத்துப் பல மணி நேரம் பதிவு செய்தார். பாட்டுக்கு நடுவே கத்ரி தன் ஊரையும் அம்மாவையும் வீடு எரிந்ததையும் பேசியதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குப் பாட்டைவிட அந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் பிடிக்கிறது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பாட்டி பெயர், அவர் பிறந்த ஊர் ஆகியவற்றை உன் குரலிலேயே சொல்லிவிடு. புரியாத சொல் வந்தால் குறுக்கே கேட்காதே. முடிந்த பிறகு போட்டுக் காட்டிக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொள். போனில் மட்டும் வைத்திருக்காதே, இன்னொரு இடத்திலும் ஒரு நகல் எடுத்து வை. முதல் பதிவை இந்த இதழ் முகவரிக்கு அனுப்பு, நான் கேட்க வேண்டும்.